கெளுத்திக்குக் கட்டுத் தூண்டில்: பிள்ளைகளோடு போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

கட்டுத் தூண்டில் ஆள் இல்லாதபோது வேலை பார்க்கும் கருவி. நீளமான தாய்க்கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் கட்டி, மறுநுனியில் எடைக்கு ஈயத்தைக் கட்டி, நடுவே தொங்கும் குட்டையான கிளைக்கயிறுகளில் இரை குத்தி ஆற்றில் விட்டுவிட்டால் மீன் தானாக வந்து மாட்டும். கழியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. அவர்களுக்கு இது தோதான முறைதான். போட்டுவிட்டு விளையாடப் போகலாம், இரண்டு மணி நேரம் கழித்து வந்து தூக்கிப் பார்க்கலாம். ஆனால் யாரும் கவனிக்காதபோதும் கொக்கி கூர்மையாகத்தான் இருக்கிறது. தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருகிறது.

ஒரு சொல் விளக்கம். தூண்டிலிலும் முள் உண்டு, கெளுத்தியிலும் முள் உண்டு. குழப்பம் வராமலிருக்க இங்கே தூண்டிலில் இருப்பதைக் கொக்கி என்றும், மீனில் இருப்பதை முள் என்றும் சொல்கிறோம்.

அதிகக் கொக்கி, அதிக மீன் என்ற கணக்கு

பெரியவர்கள் தனியாகப் போகும்போது போடும் 25 கொக்கிக் கயிற்றை அப்படியே பிள்ளைகளோடும் போடுவதுதான் முதல் தவறு. 25 கொக்கிக்கு இரை குத்தவே முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் சலித்து வேறெங்காவது போயிருப்பார்கள். நீங்கள் கயிற்றைப் பார்ப்பீர்களா, அவர்களைப் பார்ப்பீர்களா?

5 அல்லது 6 கொக்கி போதும். ஆளுக்கொரு கொக்கி, அல்லது இரண்டு. கிளைக்கயிறு கட்டும் இடத்தில் பெயின்டால் 1, 2, 3 என்று புள்ளி வைத்து, ‘மூன்றாவது உன்னுடையது’ என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கொக்கியில் இரை போயிருக்கிறது, எதில் மீன் என்று அவர்களே நோட்டில் குறிப்பார்கள். இதில் விளையாட்டைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது: திரும்பும்போது எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு ஜோடிக் கண்கள் கிடைக்கும்.

அளவுகளில் கோட்டை விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கிளைக்கயிறு 40 செ.மீ. என்றால் இரண்டு கிளைகளுக்கு இடையே 80 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கொக்கிகள் ஒன்றையொன்று தொட்டுச் சிக்கிக்கொள்ளும். 1.2 மீட்டர் இடைவெளி விட்டால் கவலையில்லை. கரையிலிருந்து முதல் கொக்கிவரை குறைந்தது 3 மீட்டர் வெறுங்கயிறு இருக்கட்டும். பிள்ளைகள் கால் நனைக்கும் ஓரத்தில் கொக்கி கிடக்கக் கூடாது.

இத்தனைக்கும் முன்னால், அந்த ஆற்றில் கட்டுத் தூண்டிலுக்கு அனுமதி உண்டா என்று மீன்வளத் துறையிடம் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் இதற்கு முழுத் தடை. அனுமதி உள்ள இடங்களிலும் கொக்கி எண்ணிக்கைக்கு வரம்பு, கயிற்றில் பெயர் அட்டை, 24 மணி நேரத்துக்குள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது போன்ற விதிகள் இருக்கலாம்.

கயிறும் கொக்கியும்

மெல்லிய நரம்பை, அதாவது ஒற்றை இழைத் தூண்டில் நூலை, தாய்க்கயிறாகப் போடாதீர்கள். கெளுத்தி ஓர் உலுக்கு உலுக்கினால் அது பிள்ளையின் உள்ளங்கையைக் கத்திபோல அறுக்கும். 2 மி.மீ. தடிமனுள்ள முறுக்கு நைலான் கயிறுதான் கைக்குப் பிடிப்பாக இருக்கும். கிளைக்கயிறு தாய்க்கயிற்றைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். ஒரு கொக்கி வேரில் மாட்டினால் கிளை மட்டும் அறுந்து வரும், மற்றவை தப்பும். இரண்டும் ஒரே பலமென்றால் முழுக் கயிற்றையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். அப்படி விட்ட கயிற்றில் அடுத்தடுத்து மீன்கள் மாட்டிச் செத்துக்கொண்டே இருக்கும்.

மாட்டிய கெளுத்தி நேராக இழுப்பதோடு நிற்காது, உருளவும் செய்யும். கிளைக்கயிறு தாய்க்கயிற்றோடு இறுக முடிச்சுப் போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் அது கம்பிபோல முறுக்கேறி, ஒன்று அறும் அல்லது மீனின் வாயைக் கிழிக்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஸ்விவல், அதாவது சுழல் வளையம், வையுங்கள். தாய்க்கயிற்றை வளையத்துக்குள் கோத்து, இருபுறமும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டால் அது நகராது, ஆனால் சுழலும். முடிச்சு வளையத்தின் ஓட்டைக்குள் புகாத அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

கட்டுகிற இடமும் முக்கியம். அசையாத கட்டைமேல் கட்டினால் மீனின் முழு பலமும் கொக்கி குத்திய இடத்திலேயே விழும். வாய் கிழிந்து தப்பிவிடும். வளைந்து கொடுக்கும் பச்சைக் கிளையில் கட்டுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் கட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்தில் சைக்கிள் டியூப் துண்டைப் போட்டுக் கட்டுங்கள். கிளை ஆடுவதைத் தொலைவிலிருந்தே பார்த்து ‘மாட்டிக்கிச்சு’ என்று பிள்ளைகள் கூவுவதும் இதில் கிடைக்கும் உபரி.

கொக்கியில் வட்டக் கொக்கிதான் எங்கள் தேர்வு. முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் மீன் விழுங்கப் பார்த்துத் திரும்பும்போது அது வழுக்கி வந்து வாயோரத்தில் பிடிக்கும். சாதாரண வளைவுக் கொக்கியோ, ஆள் இல்லாத நேரத்தில் வயிறுவரை போய்விடும். அரைக் கிலோ முதல் 2 கிலோ வரையான மீனுக்கு 1/0 முதல் 4/0 வரை சரியாக இருக்கும். வட்டக் கொக்கி வாங்கிவிட்டு இரையை மூட்டையாகத் திணித்து முனையையே மறைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள வாய் திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும். இரையின் ஓரத்தில் ஒரே குத்து போதும்.

முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி மட்டமாக்கிவிடுங்கள். மீன் கொஞ்சம் தப்பலாம், போகட்டும். பிள்ளையின் விரலில் ஏறினால் போன வழியே திரும்ப வரும் என்பதே பெரிய விஷயம். கண்ணருகிலோ மூட்டிலோ ஏறிய கொக்கியை மட்டும் நீங்கள் எடுக்க முயலாதீர்கள். கயிற்றை அறுத்து, கொக்கி அசையாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

இரை

கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடல் முழுக்கவே சுவை அறியும் அரும்புகள் உண்டு. கலங்கல் நீரிலும் இருட்டிலும் அது இரையைத் தேடுவது மணத்தாலும் சுவையாலும்தான். அதற்காக அழுகியதுதான் சிறந்த இரை என்று நினைப்பது தவறு. அழுகிய இரை கொக்கியில் நிற்காது. தோலோடு வெட்டிய மீன் துண்டு, கொத்தாகக் குத்திய மண்புழு இரண்டும் நன்றாக நிற்கும். கோழி ஈரலுக்கு மணம் உண்டு, உறுதி இல்லை. நீரில் விட்ட பத்தாவது நிமிடம் கழன்றுவிடும். ஈரல்தான் என்றால் தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றுங்கள்.

இரை சேற்றில் படுத்துக் கிடந்தால் முதலில் வருவது நண்டு. கொக்கிக்கு நாலு விரல் மேலே கிளைக்கயிற்றில் இரையைத் தூக்கும் அளவு தக்கை கோத்தால், இரை தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்கும். மீந்த உயிர் இரை மீனை வேறு ஆற்றில் கொண்டுபோய் விடாதீர்கள். ஓர் ஆற்றின் மீன் இன்னோர் ஆற்றுக்குத் தொல்லையாகிவிடும்.

இடமும் நீரும்

பகலில் கெளுத்தி ஆற்று வளைவின் வெளிப்புறக் கசத்திலும், அரித்த கரையின் அடியிலும், விழுந்த மரத்தின் நிழலிலும் பதுங்கும். பொழுது சாய்ந்ததும் அங்கிருந்து மேய வெளியே வரும். நல்ல இடம் என்று மரக்கிளைகளுக்குள்ளேயே கயிற்றைத் தள்ளுவது வீண். மாட்டிய மீன் முதல் நிமிடத்திலேயே கிளையைச் சுற்றிவிடும். மரத்துக்கு நாலைந்து மீட்டர் தள்ளிப் போடுங்கள், அது தேடி வரும்.

பிள்ளைகள் உடன் இருந்தால் இந்தக் கணக்கில் இன்னொன்றும் சேர்கிறது. மீனுக்கு நல்ல கரை பிள்ளைக்கு ஆகாத கரையாக இருக்கும். வெளிவளைவில் நீர் கரையின் அடியைக் குடைந்திருக்கும். மேலே புல்லும் மண்ணும் உறுதியாகத் தெரியும், ஓர் ஆள் விளிம்பில் நின்றால் அப்படியே சரியும். கீழே இருப்பது ஆழமான கசம். அதனால் சரிவு படிப்படியாக இறங்குகிற, உள்ளே கீழ்மட்டம் தெரிகிற இடத்தைத் தேர்ந்து, ஈயத்தை ஆழத்தை நோக்கி எறியுங்கள். மீன் ஒன்றிரண்டு குறைந்தால் குறையட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல. நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். கயிற்றைத் தொடும் பெரியவர் ஒருவர், பிள்ளைகளைப் பார்க்கும் பெரியவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

மழைக்குப் பின் நீர் ஏறும்போது கெளுத்தி நன்றாக மேயும் என்பது உண்மை. ஆனால் ஏறும் நீரில் மிதந்து வரும் கட்டை கயிற்றை வாரிக்கொண்டு போகும், கட்டிய இடமே மூழ்கும். நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அரை மணி நேரத்தில் அது ஒரு விரற்கடை மூழ்கினாலே பிள்ளைகளை மேலே ஏற்றுங்கள். அணைக்குக் கீழே உள்ள பகுதியை முற்றாகத் தவிருங்கள்; மழையே இல்லாமலும் அங்கே நீர் ஏறும்.

எடுத்துப் பார்ப்பது

இரவு முழுக்க விட்டுவிட்டு விடிந்து பார்ப்பது பழக்கமாக இருக்கலாம். வெயில் காலத்துச் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் விடியும்முன் செத்துவிடக்கூடும். கண் பூத்து, செவுள் பழுப்பாகிப் போன மீனைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்க முடியாது, திரும்ப விடவும் முடியாது. பிற்பகல் 4 மணிக்குப் போட்டு, 6 மணிக்கும் 8 மணிக்கும் பார்த்துவிட்டு, கயிற்றை எடுத்துச் சுருட்டிவிடுங்கள். பிள்ளைகள் தூங்கும் நேரமும் அதுதான்.

எடுக்கும்போது நடக்கும் மோசமான விபத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெரியவர் தாய்க்கயிற்றை இழுக்கிறார். முதல் கொக்கி காலி, இரண்டாவதும் காலி. இரண்டையும் கழற்றாமல் பக்கத்தில் தரையில் போடுகிறார். மூன்றாவதில் மீன். அது பக்கத்தில் வந்து ஆளைக் கண்டதும் ஒரே பாய்ச்சலில் திரும்புகிறது. தரையில் கிடந்த கயிறு விர்ரென்று ஓட, காலியாக இருந்த இரண்டு கொக்கிகளும் கூடவே பறக்கின்றன. அந்த நேரம் மீனைப் பார்க்க ஒரு பிள்ளை முன்னால் வந்து குனிந்திருக்கிறது.

இதைத் தவிர்ப்பது எளிது. ஒவ்வொரு கொக்கியும் நீருக்கு வெளியே வந்ததும் கிளைக்கயிற்றைக் கழற்றி, வாளி விளிம்பில் குத்திய தக்கைப் பட்டையில் மாட்டிவிட்டுத்தான் அடுத்ததை இழுக்க வேண்டும். கிளைக்கயிற்றின் நுனியில் சிறு கொளுவி, அதாவது கிளிப், இருந்தால் ஒரு நொடி வேலை. பிள்ளைகள் 3 மீட்டர் பின்னால், தரையில் போட்ட கயிற்றுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும். மீன் வாளிக்குள் வந்த பிறகு கோட்டைத் தாண்டலாம். அவர்களுக்கும் இழுக்கத் தர வேண்டாமா என்றால், தரலாம்: கொக்கி இல்லாத அந்த முதல் 3 மீட்டர் அவர்களுக்குத்தான். கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இழுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், உங்களையும் சேர்த்து. அறுக்கக் கத்தி இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

முள்

முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று, ஆக மூன்று முள். பயந்தால் கெளுத்தி மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினால் மடங்காது. பல இனங்களில் முள்ளோடு விஷமும் உண்டு. சின்ன மீன் என்று பிள்ளை கையில் கொடுப்பதுதான் இதில் பெரிய தவறு. பெரிய மீனின் முள் தேய்ந்து மழுங்கியிருக்கும், குட்டியின் முள்தான் ஊசி. மீசை கொட்டும் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். மீசை ஒன்றும் செய்யாது, தொட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

பிடிக்கும்போது கட்டை விரல் ஒரு பக்கத் துடுப்பு முள்ளுக்குப் பின்னும், ஆள்காட்டி விரல் மறுபக்கத்து முள்ளுக்குப் பின்னும் வர வேண்டும். முதுகு முள்ளுக்குப் பின்னால் உள்ளங்கை. மீன் துள்ளினால் இறுக்காமல் வாளியில் போட்டுவிடுங்கள். செத்த மீனின் முள்ளும் விறைத்தே நிற்கும் என்பதால் கரையில் எறிந்து வைக்காதீர்கள்; வெறுங்காலில் ஓடிவரும் பிள்ளைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பையும் ஆகாது, முள் துளைத்துக்கொண்டு தொடையில் குத்தும்.

குத்திவிட்டால் இரத்தம் கொஞ்சம் வழிய விட்டு, சோப்பு நீரில் கழுவி, தாங்கக்கூடிய சூட்டு நீரில் கையை வையுங்கள். 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30 முதல் 90 நிமிடம் வைத்தால் கடுப்பு குறையும். வலியில் பிள்ளைக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் போட்டுவிடும். அதனால் முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்குத்தான். முள்முனை உள்ளே ஒடிந்திருந்தாலோ, வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் மருத்துவமனை. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதைக் கிளம்பும்போதே தெரிந்து வைத்திருங்கள்.

மீன் கொக்கியை விழுங்கியிருந்தால், விட நினைக்கும் மீன் என்றால் தோண்டி எடுக்காதீர்கள். குடல் கிழிந்து சாகும். கயிற்றை வாயருகே வெட்டி விட்டுவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த சாக்கால் பிடிப்பதும் அதன் வழவழப்பை உரித்துவிடும். கை நனைந்திருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் கொக்கிகளை எண்ணுங்கள், பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். 6 போட்டிருந்தால் 6 தக்கையில் இருக்க வேண்டும். மீன் வாயோடு போனது ஒன்று என்றால் அதையும் நோட்டில் எழுதிக் கழியுங்கள். கணக்கு இடித்தால், கிடைக்கும்வரை அந்தக் கரையில் யாரும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.