ஆடித் தள்ளுபடியில் எதை வாங்குவது, நவம்பருக்கு எதை விடுவது

ஆடி பிறந்துவிட்டால் சேலம் கடைவீதியில் கடைக்குக் கடை தள்ளுபடிப் பலகை ஏறிவிடும். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஆகஸ்டில் மேற்படிப்புக்காக அமெரிக்கா கிளம்புகிறாள். அவள் அம்மா நேற்று ஒரு பட்டியலோடு வந்தார்கள். மிக்ஸி, கிரைண்டர், குக்கர், கரண்ட் அடுப்பு, தோசைக்கல், நான்ஸ்டிக் செட் என்று நீண்டுகொண்டே போனது.

"ஆடியில விலை குறைச்சிருக்காங்க கண்ணு. எல்லாத்தையும் இங்கயே வாங்கிக் கட்டிக் குடுத்துரட்டுமா?"

"வேண்டாங்க்கா. பாத்திரம் மட்டும் இங்க வாங்குங்க. கரண்ட்ல ஓடுற எதுவும் வேண்டாம். அதுக்கு நவம்பர் வரைக்கும் பொறுத்துக்கட்டும்" என்றேன்.

அந்த அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த ஆண்டு போகிறவர்களுக்கும், போய் இறங்கி இன்னும் சமையலறைக்கு வேண்டியதைச் சேர்க்காதவர்களுக்கும் உதவும்.

முதலில் கரண்ட். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நான் முதல்முறை போனபோது அம்மா வாங்கித் தந்த 750 வாட் மிக்ஸியைத் துணிக்கு நடுவில் வைத்துத் தூக்கிப் போனேன். பிளக்கை மாற்றிச் செருகினேன். மோட்டார் முனகியது, தேங்காய் துண்டு துண்டாகவே கிடந்தது. பிறகு மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினேன். 750 வாட் மிக்ஸிக்கு அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும் பெட்டியாவது வேண்டும். அதன் கனமும் இரைச்சலும் சேர்ந்து மிக்ஸியைத் தொடவே மனம் வராமல் செய்துவிட்டன. அந்தப் பணத்தில் அங்கேயே ஓடும் மிக்ஸியை வாங்கியிருக்கலாம். ப்ரீத்தி போன்ற நம் ஊர்ப் பெயர்களிலேயே, அந்த ஊர்க் கரண்டுக்கென்று செய்த 110 வோல்ட் மாடல்கள் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. அல்ட்ரா டேபிள் டாப் கிரைண்டரும் அப்படித்தான். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், அவற்றுக்குக் கவலை இல்லை. வெறும் 230 என்று இருந்தால் அது சேலத்திலேயே இருக்கட்டும்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கெல்லாம் நம்மைப் போலவே 230 வோல்ட், பிளக் வடிவம் மட்டும்தான் வேறு. அவர்கள் மிக்ஸியை ஆடியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

பாத்திரத்துக்கு வருவோம். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை இருக்கும் ஊர் நம்முடையது, எவர்சில்வர் பார்த்து வாங்கத் தெரியாத வீடு இங்கே குறைவு. அந்த அக்காவும் காந்தத்தோடுதான் கடைக்கு வந்தார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்பது நம் வீடுகளில் பழகிய சோதனை. ஆனால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடியில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சூடே ஏறாது. அதனால் உள்ளே ஒட்டாமல், அடியில் ஒட்டுகிற பாத்திரமாகக் கேளுங்கள். டிரைப்ளை, அதாவது மூன்றடுக்குப் பாத்திரம் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் சுருள் கம்பி அடுப்போ கண்ணாடி மேற்பரப்பு அடுப்போதான் இருக்கும். அவற்றுக்குக் காந்தக் கணக்கு இல்லை, அடி மட்டும் தட்டையாக இருக்கவேண்டும். உருண்டை அடி வாணலி அங்கே ஆடிக்கொண்டே நிற்கும், நடுவில் மட்டும் கருகும்.

குக்கரை இங்கேயே வாங்குங்கள், மூன்று லிட்டர் போதும். அதைவிட முக்கியம், அதே அளவுக்கு இரண்டு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு. குக்கரின் பெயரும் லிட்டரும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பனிக்காலத்தில் ஒரு ரப்பர் வளையத்துக்காக ஊரெல்லாம் தேடி அலைந்தவள் நான். இன்னொன்றும் பழகிக்கொள்ள வேண்டும். கரண்ட் அடுப்பை அணைத்தாலும் சூடு உடனே இறங்காது. விசில் எண்ணி முடித்ததும் குக்கரைத் தூக்கிப் பக்கத்து அடுப்பில் வைத்துவிடவேண்டும்.

இட்லித் தட்டு, தாளிக்கிற கரண்டி, அஞ்சறைப்பெட்டி, முறுக்கு அச்சு, சின்ன இடிகல், இவையெல்லாம் இங்கிருந்தே போகட்டும். அங்கே இந்தியக் கடையில் கிடைக்கும், ஆனால் விலையைப் பார்த்தால் மனசு கேட்காது. தோசைக்கல்லை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். ஒரு பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோதான், அதில் வார்ப்பு இரும்புக்கு இடம் கொடுக்க முடியாது. லாட்ஜ் என்று ஒரு கம்பெனி, டென்னசியில் 1896 முதல் வார்ப்பு இரும்புப் பாத்திரம் செய்கிறது. அவர்களுடைய பத்தரை அங்குல வட்டக் கல் தோசைக்கு நன்றாக வரும், சாதாரண நாளிலேயே அதிக விலை இல்லை. கண்ணாடி அடுப்பில் அதை இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும்.

இனி நவம்பர். அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழன் நன்றி நவிலும் நாள். மறுநாள் வெள்ளி பிளாக் ஃப்ரைடே, அதையடுத்த திங்கள் சைபர் மண்டே, இரண்டும் பெரிய தள்ளுபடி நாட்கள். இப்போதெல்லாம் நவம்பர் பிறக்கும்போதே இணையத்தில் விலை இறங்கத் தொடங்கிவிடுகிறது, விடியற்காலைக் குளிரில் வரிசையில் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 26 பாக்ஸிங் டேக்கும் விலை குறைப்பார்கள்.

அங்கே போனதும் செப்டம்பரிலேயே வேண்டிய பொருளின் பெயரையும் மாடல் எண்ணையும் அன்றைய விலையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். "அக்கா, பாதி விலைன்னு போட்டிருந்தா லாபம்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். எந்த விலையில் பாதி என்பதுதான் கேள்வி. 120 டாலர் என்று அடித்துவிட்டு 60 என்று போட்டிருப்பார்கள், செப்டம்பரில் அதே பொருள் 69க்குக் கிடைத்திருக்கும். அமேசான் விலை ஏறி இறங்கிய வரலாற்றைக் கேமல்கேமல்கேமல் என்ற தளம் காசில்லாமல் காட்டுகிறது. மாடல் எண்ணையும் ஓரெழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஜாடி ஒன்று குறைந்திருக்கும் அல்லது வாட் குறைந்திருக்கும். அங்கே ஒட்டியிருக்கும் விலையில் வரி சேராது, பில் போடும்போதுதான் சேரும். நான் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 6 சதவீதம், ஓரிகன் மாநிலத்தில் விற்பனை வரியே கிடையாது.

நம் சமையலுக்கு அந்தத் தள்ளுபடியில் நான் வாங்கச் சொல்வது இரண்டே பொருள்.

ஒன்று இன்ஸ்டன்ட் பாட் மாதிரியான மின்சாரக் குக்கர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருந்தால் ஆறு குவார்ட், அதாவது ஏறக்குறைய 5.7 லிட்டர் அளவு. சாதம், சாம்பார், கொண்டைக்கடலை எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்ளும். ஆனால் நான் இதை வாங்கச் சொல்வது மாவுக்காக. ஜனவரியில் மிச்சிகனில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் அப்படியே கல்லாகக் கிடக்கும். இந்தக் குக்கரில் தயிர் போடும் பொத்தான் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால் இரவில் வைத்துக் காலையில் பொங்கிய மாவை எடுக்கலாம். மாவைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பூட்டும் மூடியைப் போடவேண்டாம், ஒரு கண்ணாடி மூடியோ தட்டோ போட்டு மூடினால் போதும். மாவு பொங்கி மூடியைப் பிடித்துக்கொண்டால் திறப்பது பெரும்பாடு. இட்லி அவிக்கும்போது ஆவி வெளியே போகிற மாதிரி வால்வைத் திறந்து வைக்கவேண்டும். அப்போது அதன் கடிகாரம் ஓடாது, போனில் நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ரைஸ் குக்கர். மேலே சொன்னதை வாங்கிவிட்டால் இதுகூடத் தேவையில்லை. தனியாக இருப்பவர்கள் சின்னதாக ஒன்று எடுக்கலாம். அதோடு வரும் கப் 180 மில்லி, கடையில் விற்கும் அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. இரண்டையும் கலந்து அளந்துவிட்டுச் சாதம் குழைந்துபோனது என்று வருந்தாதீர்கள்.

பெரிய பிளெண்டர்கள் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கும். ஸ்மூத்திக்கு அவை அருமை. நம் தட்டுவடை செட்டுக்கு அரைப்பதுபோல் இரண்டு கரண்டி காரச் சட்னியைக் கெட்டியாக அரைக்கப் போனால் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். 110 வோல்ட் மிக்ஸிக்கு அந்தப் பணத்தை வையுங்கள். அதற்குத் தீபாவளியை ஒட்டி இந்தியக் கடைகளில் விலை குறைகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு பாத்திர நான்ஸ்டிக் செட்டும் வேண்டாம். வெறும் கல்லைக் காயவைத்துத் தாளிக்கிற கை நம்முடையது. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

வாங்கிய பெட்டியையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள். பண்டிகைக் காலத்தில் வாங்கியதைப் பல கடைகள் ஜனவரி வரை திருப்பி எடுத்துக்கொள்ளும், தேதியைப் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். பில் போடும் இடத்தில் அந்தக் கடையின் கிரெடிட் கார்டு எடுத்தால் இன்னும் குறைத்துத் தருகிறோம் என்பார்கள். மறுத்துவிடுங்கள், வட்டி மிக அதிகம். புதிதாக வந்தவர்களுக்கு முதல் கிரெடிட் கார்டை ஒழுங்காகக் கட்டிப் பெயர் எடுப்பதுதான் முக்கியம்.

மாணவர்களுக்கு இன்னொரு வழி. மே மாதம் படிப்பு முடித்துக் கிளம்பும் சீனியர்கள் கிரைண்டர், குக்கர், கல் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். எந்த நவம்பர் விலையும் அதற்கு ஈடாகாது. நேரில் போய், ஓடவிட்டுப் பார்த்து, பிறகு பணம் கொடுங்கள். பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. கிரைண்டரை ஒரு வீட்டில் நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் போதும்.

நேற்று மாலை கடைவீதியிலிருந்து திரும்பும்போது அந்த அக்கா கையில் ஒரு குக்கர், இரண்டு டிரைப்ளை பாத்திரம், இட்லித் தட்டு மட்டும் இருந்தன. வீட்டுக்கு வந்து குக்கருக்குள் கேஸ்கெட், வால்வு, பருப்புப் பொடி, தாளிக்கிற கரண்டி எல்லாவற்றையும் அடைத்து நிறுத்துப் பார்த்தோம். நாலரை கிலோ. இடிகல் இன்னும் வைக்கவில்லை.