பொங்கலுக்கு வாங்கிய சன்ஸ்கிரீன் ஆடி வரை வந்தால் ஏதோ தப்பு

போன வருடம் பொங்கல் சமயத்தில் 50 கிராம் சன்ஸ்கிரீன் டியூப் ஒன்று வாங்கினேன். ஆபீஸ் கிளம்பும் முன் தினமும் தவறாமல் போட்டேன். ஆடித் தள்ளுபடி வந்தபோதும் டியூபில் மிச்சம் இருந்தது. பரவாயில்லையே, சிக்கனமாகத்தான் இருக்கிறோம் என்று ஒரு பெருமை வேறு. முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது.

வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்ட டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கண்டது. அதே கணக்கில் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு கிராமுக்குச் சற்று மேலேயே வேண்டும். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். அப்படிப் பார்த்தால், தினமும் ஒரே ஒரு முறை போட்டாலும் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும். நான் எடுத்ததோ பட்டாணி அளவு. எஸ்பிஎஃப் 50 என்று அச்சடித்த டியூப் கையில் இருந்ததே தவிர, முகத்தில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. இப்போது வாங்கிய தேதியை டியூபின் முதுகில் பேனாவால் எழுதி வைக்கிறேன்.

மொத்தமாக அப்பினால் திருவிழா வேஷம் போல வெள்ளையாகத் தெரிகிறதே என்பீர்கள். நியாயம்தான். சில சன்ஸ்கிரீன்களில் கதிரைத் தடுக்கச் சேர்க்கும் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் நம் மாநிறத்தில் அப்படித்தான் படியும். அதற்காக அளவைக் குறைக்காமல், தோல் நிறம் கலந்த டின்டட் வகைக்கு மாறிப் பாருங்கள். கன்னத்தில் மங்கு இருப்பவர்களுக்கு அது இன்னும் நல்லது. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். ஒரு கோட்டை முதலில் தடவி, அது படிந்ததும் அடுத்ததைத் தடவினால் திட்டுத் திட்டாக நிற்காது.

எண்ணைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. சரியான அளவு பூசினால் எஸ்பிஎஃப் 30, வெயிலில் தோலை எரிக்கும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அவ்வளவுதான் வித்தியாசம். மாய்ஸ்சரைசரில் 15, பவுண்டேஷனில் 30 இருந்தால் கூட்டி 45 ஆகாது. இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசுவதும் வேண்டாம், நீர்த்துப்போகும். எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் இந்த யுவிபி கதிருக்கான கணக்கு. தோலைக் கறுக்க வைத்து, சுருக்கமும் விழ வைக்கும் இன்னொரு கதிரான யுவிஏவுக்கு 'பிஏ+++' அல்லது 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

யுவிஏ கண்ணாடிக்கும் அடங்காது. ரொம்ப நாளாகக் கால் டாக்சி ஓட்டுபவரின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பல சமயம் ஜன்னல் பக்கத்து வலது கை ஒரு படி கறுத்திருக்கும். ஆபீசில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்களும் 'உள்ளேதானே இருக்கிறோம்' என்று விட்டுவிட முடியாது. மேகம் மூடிய நாளிலும் கதிரில் கணிசமான பங்கு இறங்கிவிடும்.

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடச் சொல்வார்கள். வியர்த்து வழிந்து கைக்குட்டையால் துடைத்துவிட்டால் அதற்கு முன்பே. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு யார் போடுவது? என்னால் முடிந்ததில்லை. அந்த மாதிரி நாட்களில் குடையும் துப்பட்டாவும்தான் கைகொடுக்கின்றன. காது, கொண்டை போட்டால் வெளியே தெரியும் பின்கழுத்து, வண்டி ஓட்டும்போது வெயில் படும் புறங்கை, செருப்பு வார் தடம் விழும் பாதம் எல்லாம் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு மட்டும் இது வேண்டாம். நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையும் போதும்.

இன்னொன்று. அவசரத்துக்கு உதவும் என்று ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு டியூபைப் போட்டு வைப்பவர்கள் உண்டு. மே மாத வெயிலில் நிற்கும் வண்டியில் அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி கொதிக்கும். மூடியைத் திறந்ததும் தண்ணீர் தனியாகவும் கிரீம் தனியாகவும் வந்தால், தேதி இன்னும் இருக்கிறதே என்று பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.