கராஜ் கதவு பத்திரமாக இருக்கிறதா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் முதல்முறையாக வீடு வாங்குகிறவர்கள் கூரை, ஃபர்னஸ், ஏசி, பேஸ்மென்டில் ஈரம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். கராஜ் கதவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. பட்டனை அழுத்தினால் ஏறுகிறது, இன்னொரு தடவை அழுத்தினால் இறங்குகிறது, அத்தோடு சரி. ஆனால் இரண்டு கார் நிறுத்துகிற அகலத்துக் கதவு சாதாரணமாக 150 பவுண்டைத் தாண்டும், மரத்தில் செய்தது என்றால் இன்னும் கனம். அதன் அடியில்தான் தினமும் குழந்தைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார்கள்.

இங்கே சொல்லப்போவது அரை மணி நேர வேலை. ஒரு டூ-பை-ஃபோர் மரத்துண்டு, ஒரு காலி அட்டைப்பெட்டி, ஒரு துடைப்பம், டார்ச், மெல்லிய துணி, ஒரு டப்பா சிலிக்கான் ஸ்பிரே, இவ்வளவு போதும். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எதையும் பட்டியலில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். இந்தச் சோதனைக்கு நடுவில் ஸ்பேனரைத் தேடிப் போகிறீர்கள் என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தொடங்கும் முன்: கதவைத் தூக்குவது எது?

மேலே தொங்குகிற மோட்டார் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். இல்லை, தூக்குவது ஸ்பிரிங். கதவுக்கு நேர் மேலே சுவரோடு ஒட்டி ஒரு கம்பி, அதில் கெட்டியாகச் சுற்றிய ஸ்பிரிங் இருந்தால் அது டார்ஷன் வகை. இரண்டு பக்கமும், கதவின் ரோலர்கள் ஓடுகிற டிராக்குக்கு இணையாக நீளமாக இழுபட்டிருந்தால் எக்ஸ்டென்ஷன் வகை. எந்த வகையானாலும் கதவின் எடை முழுவதையும் தாங்குகிற விசை அந்தச் சுருளுக்குள் முறுக்கேறி உட்கார்ந்திருக்கிறது, மோட்டார் கூடவே ஒரு கை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

வழக்கமாகப் போடுகிற ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை ஏறி இறங்கத் தாங்கும் என்று கணக்கு. ஒரு நாளைக்கு 4 முறை திறந்து மூடுகிற வீட்டில் அது ஏழு வருடம்கூட வராது. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை வருடம் ஓட்டினார்களோ!

ஆகவே ஒரே ஒரு விதி: ஸ்பிரிங், அதிலிருந்து இறங்குகிற இரும்புக் கேபிள், கேபிள் சுற்றுகிற உருளை, கதவின் அடி மூலைகளில் கேபிளைப் பிடித்திருக்கிற பிராக்கெட், இந்த நான்கையும் கழற்றாதீர்கள், முறுக்காதீர்கள். அடி மூலை பிராக்கெட் பார்ப்பதற்கு நான்கு திருகாணி போட்ட சாதாரணத் தகடு மாதிரிதான் இருக்கும், ஆனால் கழற்றின நொடியில் கேபிளின் இழுவிசை முழுவதும் விடுபட்டுக் கையைப் பிய்த்துவிடும். யூடியூபில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஸ்பிரிங் மாற்றுவதைப் பார்த்துவிட்டு 200 டாலர் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களுக்குத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 1: கண்ணால் பார்ப்பது

குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் விட்டுவிட்டு, கதவை முழுவதும் மூடி, உள்ளே நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ஷன் ஸ்பிரிங்கில் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தால் அது உடைந்துவிட்டது. கேபிளை அடிப்பக்கம் கவனியுங்கள், பனிக்காலத்தில் காரோடு வருகிற உப்புத் தண்ணீர் தேங்குவது அங்கேதான், துருவும் இழை பிரிவதும் முதலில் அங்கேதான் தொடங்கும். எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் என்றால் அதன் உள்ளே ஒரு மெல்லிய பாதுகாப்புக் கேபிள் கோத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் அறும்போது துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. இதில் எதைக் கண்டாலும் மீதிப் படிகள் வேண்டாம், டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 2: சமநிலை

எல்லோரும் தாண்டிப்போகிற படி இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், ஏனென்றால் ஸ்பிரிங் தளர்ந்துபோனாலும் மோட்டார் முக்கி முனகி கதவை ஏற்றிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

கதவு மூடியிருக்கும்போதே மோட்டார் தண்டிலிருந்து தொங்குகிற சிவப்புக் கைப்பிடிக் கயிற்றை இழுங்கள். ‘டக்’ என்று சத்தம் வரும், கதவு மோட்டாரிடமிருந்து பிரிந்துவிட்டது. (கதவு மேலே நிற்கும்போது இதை இழுக்கவே கூடாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் மொத்தக் கதவும் தடாலென்று கீழே வரும்.) இப்போது கதவின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள், பலகைகள் சேர்கிற இடுக்கில் விரலை விட வேண்டாம். நல்ல கதவு ஒரு கையாலேயே ஏறும். தூக்கவே முடியாத கனமாக இருந்தால் மல்லுக்கட்டாமல் விட்டுவிடுங்கள்.

இடுப்பு உயரம் வந்ததும் பிடியைத் தளர்த்துங்கள், கையை முழுவதும் எடுத்துவிடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. அப்படியே நின்றால் சமநிலை சரி. ஓரிரு அங்குலம் அசைந்து நின்றாலும் பரவாயில்லை. சரசரவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, தானாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். இரண்டுமே டெக்னீஷியன் வேலை.

முடிந்ததும் கதவை மூடிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். பெரும்பாலான மாடல்களில் பட்டனை அழுத்தினால் தானே வந்து கொக்கி விழும், சிலவற்றில் கயிற்றை முதலில் ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். மேனுவலில் படம் போட்டிருக்கும்.

படி 3: சென்சார்

கதவின் இரு பக்கமும் தரைக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்னக் கண்கள் இருக்கும். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, தவழ்கிற குழந்தையும் படுத்திருக்கிற பூனையும் அந்த உயரத்தில்தான் அகப்படும். 1990இல் வந்த சட்டத்தின்படி, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓபனர்களில் (கதவை இயக்குகிற மோட்டார்களில்) இப்படி ஒரு கூடுதல் பாதுகாப்பு கட்டாயம். உங்களுடையது அதற்கும் முந்தையது என்றால் சோதிப்பதில் அர்த்தமே இல்லை, மாற்றிவிடுங்கள்.

அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்துப் பட்டனை அழுத்துங்கள். கதவு இறங்க மறுக்க வேண்டும், அல்லது கொஞ்சம் இறங்கித் திரும்பிவிட வேண்டும். அப்புறம் பெட்டியை எடுத்துவிட்டு, கதவு இறங்கிக்கொண்டிருக்கும்போது தள்ளி நின்று துடைப்பக் கட்டையைக் கண்களுக்கு நடுவே நீட்டுங்கள். உடனே நின்று மேலே போக வேண்டும். காலை நீட்டிப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

சரியாக வேலை செய்யவில்லையா? லென்ஸைத் துணியால் துடையுங்கள், பாதி நேரம் சிலந்தி வலைதான் காரணம். பல மாடல்களில் கண்ணிலேயே சின்ன விளக்கு எரியும், அது மினுக்கினால் இரண்டும் நேருக்கு நேர் இல்லை, கையால் லேசாகத் திருப்பி விளக்கு அசையாமல் எரிகிற இடத்தில் நிறுத்துங்கள். சாயங்கால வெயில் நேரே விழுந்தாலும் அது குழம்பும்.

இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது, எல்லோரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள்: சுவர் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் சென்சார் என்ன சொன்னாலும் கதவு மூடிவிடும். அவசரத்துக்கு ஒரு நாள் சரி, அதையே பழக்கமாக்கினால் சென்சார் இருந்தும் பிரயோஜனமில்லை. சில பழைய வீடுகளில் இதற்கும் ஒரு படி மேலே போய், இரண்டு கண்களையும் கழற்றி எதிரெதிரே வைத்து டேப் சுற்றி மோட்டார் பக்கத்தில் கட்டியிருப்பார்கள். கதவு ஒழுங்காக மூடுவதால் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டில் சென்சார் தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

படி 4: மரத்துண்டு

டூ-பை-ஃபோரைக் கதவின் நடுவே தரையில் படுக்கவைத்தால் ஒன்றரை அங்குல உயரம் வரும். கதவை மூடுங்கள். கட்டையைத் தொட்ட 2 நொடிக்குள் கதவு திரும்பி மேலேற வேண்டும். தொட்டுவிட்டு அப்படியே அழுத்திக்கொண்டு நின்றால் தோல்வி. சென்சார் கதவு தொடுவதற்கு முன்னாலேயே காப்பது, இது தொட்ட பின்னால் காப்பது, அதனால் ஒன்று சரியாக இருப்பதால் இன்னொன்றும் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மோட்டாரில் விசையையும் இறங்கு எல்லையையும் திருத்துகிற வசதி இருக்கும், மேனுவலைப் பார்த்துத் திருத்தி ஒருமுறை பாருங்கள். அப்படியும் திரும்பவில்லையா, கதவை மூடி, கயிற்றை இழுத்துப் பிரித்துவிட்டு, ஆள் வரும்வரை கையாலேயே திறந்து மூடுங்கள்.

சென்சாரையும் இதையும் மாதம் ஒருமுறை செய்யுங்கள்.

படி 5: பட்டன், ரிமோட்

சுவர் பட்டன் தரையிலிருந்து குறைந்தது 5 அடி உயரத்தில், கதவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பட்டனை அழுத்திவிட்டுக் கதவு இறங்குவதற்குள் வெளியே ஓடுகிற விளையாட்டு எல்லா வீட்டிலும் ஒரு பருவத்தில் தொடங்கும், முதல் தடவையே நிறுத்திவிடுங்கள்.

கார் வெளியே நிற்கிறது என்றால் ரிமோட்டை அதில் விட வேண்டாம், டேஷ்போர்டில் உங்கள் விலாசம் எழுதிய ரெஜிஸ்ட்ரேஷனும் கூடவே இருக்கிறது. ரிமோட்டுக்குள் குட்டிக் குட்டி ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி எண் அமைக்கிற பழைய வகையா? 2015இல் சாமி கம்கார் என்கிற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், மேட்டல் நிறுவனத்தின் ஒரு பொம்மையில் கொஞ்சம் மாற்றம் செய்து, அந்த வகைக் கதவுகளைப் பத்து நொடிக்குள் திறந்து காட்டினார். ஒவ்வொரு முறையும் எண் மாறுகிற ரோலிங் கோட் வகைக்கு மாறுவது நல்லது.

படி 6: எண்ணெய்

ரோலர், கீல், ஸ்பிரிங் மூன்றுக்கும் வருடத்துக்கு இரண்டு தடவை சிலிக்கான் ஸ்பிரே. டிராக்குக்குள் வேண்டாம், தூசி ஒட்டும், துடைத்தால் போதும்.

கரண்ட் போனால்

கலிஃபோர்னியாவில் 2017 காட்டுத்தீயின்போது கரண்ட் இல்லாமல் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிக்கியவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கிற புது ஓபனர்களில் பேட்டரி கட்டாயம் என்று சட்டம் வந்தது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்களும் புதிதாக வாங்கும்போது பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். ஆறு மாதம் தங்க வந்திருக்கிற அம்மா அப்பா பகலில் வீட்டில் தனியாக இருப்பார்கள், சிவப்புக் கயிறு எதற்கு என்று காட்டி, அவர்கள் கையாலேயே ஒருமுறை இழுத்துத் திறக்கச் சொல்லுங்கள். குளிருக்குக் காரை கராஜுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடாக்குகிற வேலை வேண்டாம் என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் போகும்.

ஆளைக் கூப்பிடும்போது

ஸ்பிரிங் உடையும்போது வெடி வெடித்த மாதிரி சத்தம் கேட்கும், பாதி ராத்திரியில் கேட்டுத் திருடன் என்று பயந்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகு பட்டனை அழுத்தாதீர்கள், கார் உள்ளே மாட்டிக்கொண்டாலும் சரி, மோட்டாரால் இழுக்கப் பார்த்தால் மோட்டாரும் போய்விடும். இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று உடைந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், வயது ஒன்றுதான். ஸ்பிரிங், கூலி, வந்துபோகிற கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று போனிலேயே கேட்டு, இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.