மாடி பாத்ரூம் ஷவரில் வேகம் இல்லையா?

உடனே பம்ப் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஷவரைக் கழற்றி வினிகரில் ஊற வையுங்கள். போர் தண்ணீரின் உப்பு துளைகளை அடைத்திருக்கும். அப்புறமும் சரியாகவில்லை என்றால் தொட்டியின் உயரம் போதாமல் இருக்கலாம். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். தொட்டி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது வெறும் 0.2 பார்.

இதற்கு, தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டும் பிரஷர் பூஸ்டர் பம்ப் உண்டு. ஃப்ளோ சுவிட்ச் வகை, தண்ணீர் கொஞ்சமாவது தானாக ஓடினால்தான் இயங்கும். சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? அழுத்தம் குறைந்ததும் இயங்கும் பிரஷர் சுவிட்ச் வகையைக் கேளுங்கள். கீசரில் எழுதியுள்ள அழுத்த அளவைத் தாண்டாத பம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே பொருத்தினால் பம்ப் காற்று இழுக்காது. பம்பைச் சுற்றித் தண்ணீர் போக, ஒருவழி வால்வுடன் பைபாஸ் குழாயும் போடச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் குளிக்கலாம். மாநகராட்சிக் குழாயில் மட்டும் நேரடியாக மாட்டவே கூடாது.