பாகு எது, வெண்ணெய் எது: வீ ஹெவிக்கு மதிப்பெண் போடும் விதம்

முதல் வேலை, வீ ஹெவி என்ற வலுவான ஸ்காட்லாந்து ஏல் (ஒரு வகை பீர்) பாட்டிலை முக்கால் மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைப்பது. எடின்பரோவில் நான் குடியிருக்கும் பழைய கல் கட்டடத்தில் மார்ச் மாதம் வரை சமையலறை ஜன்னல் திட்டு தானாகவே 12 டிகிரியில் இருக்கும், அதனால் எனக்கு அந்தக் கவலை இல்லை. நான்கு டிகிரியில் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு “இனிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லையே” என்று உதட்டைப் பிதுக்குபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். லாகர் வகை பீருக்கு அந்தக் குளிர் சரி. இந்த ஏலுக்கு அது வாயைப் பொத்துகிற மாதிரி.

ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘வீ’ என்றால் சின்னது. பிரெஸ்டன்பான்ஸ் ஊரில் ஃபௌலர்ஸ் என்ற பீர் ஆலை தன் வலுவான ஏலைச் சின்னஞ்சிறு பாட்டில்களில் விற்றது. அதிலிருந்து பிரபலமான பெயர்தான் வீ ஹெவி. சின்னது பாட்டில் மட்டும்தான், சரக்கு இல்லை. இங்கே பப்களில் 60, 70, 80 ஷில்லிங் (பழைய பிரிட்டிஷ் நாணயம்) என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீப்பாய்க்கு இவ்வளவு என்று போட்ட விலையின் மிச்சம் அது. அவையெல்லாம் லேசான பீர்கள். வீ ஹெவி 6.5 சதவீத ஆல்கஹாலில் தொடங்கி 10 வரை போகும்.

பழகுவதற்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் டிராக்வேர் ஹவுஸ் ஏல் வாங்குங்கள், 7.2 சதவீதம். இன்னர்லீதன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பழைய மாளிகையில் காய்ச்சுகிறார்கள். பழைய சாமான்களுக்கு அடியில் மறைந்து கிடந்த பதினெட்டாம் நூற்றாண்டு காய்ச்சும் கூடத்தை, அந்த வீட்டின் இருபதாவது உரிமையாளரான பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965இல் மறுபடி ஓட வைத்தார். இன்றும் ஓக் மரத் தொட்டிகளில்தான் நொதிக்கிறது. மாளிகையின் பெரிய வாசற்கதவை 1745இல் பூட்டினார்கள், ஸ்டூவர்ட் வம்சம் அரியணை ஏறும் வரை திறப்பதில்லை என்று சொல்கிறார்கள். பீருக்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை; பஸ் பிடித்துப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோப்பை, வயிறு பெருத்து வாய் குறுகியதாக இருக்கட்டும். பிராந்திக் கோப்பை போதும். 60 மில்லி ஊற்றினால் போதும், அதற்கு மேல் ஊற்றுவது குடிப்பதற்கு. அன்றைக்கு சென்ட் போடாதீர்கள். மதியம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு ஒரு பீர் போட்டிக்கு நடுவராகப் போய், பெருங்காயக் கையோடு கோப்பையைப் பிடித்து, வந்த பீர் எல்லாவற்றிலும் ‘மசாலா வாசனை’ என்று எழுதி வைத்த ஆள் நான்.

ஊற்றிய உடனே முகருங்கள். நுரையோடு கிளம்பும் வாசனை ஒரு நிமிடத்தில் ஓடிவிடும். சின்னச் சின்னதாக மூன்று மோப்பம், நடுவே உங்கள் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்துகொள்ளுங்கள், மூக்கு புதிதாகிவிடும். நிறத்துக்கு போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் போதும்: செம்பு நிறத்திலிருந்து அடர் பழுப்பு வரை, ஓரத்தில் மாதுளைச் சிவப்பு, வெள்ளையாக இல்லாமல் பழுப்பேறிய நுரை. இதற்கு மேல் நிறத்தில் நேரம் செலவழிக்காதீர்கள், ஐம்பதில் தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண்தான்.

அந்த ஐம்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் காய்ச்சிய பீருக்கான பெரும்பாலான ஹோம்ப்ரூ போட்டிகளில் பிஜேசிபி என்ற அமெரிக்க நடுவர் அமைப்பின் தாளைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தெரியும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. அவர்களுடைய பீர் வகைப் பட்டியலில் வீ ஹெவிக்கு எண் 17சி.

சரி, சுவைக்கு வருவோம். இந்த பீரின் உயிர் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பு, இனிப்பு திகட்டாமல் தடுக்கிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சும்போது, மால்ட்டை ஊறவைத்து முதலில் வடியும் கெட்டியான சாற்றில் நான்கு லிட்டரைத் தனியே எடுத்து, அடிகனமான பாத்திரத்தில் ஒரு லிட்டராகச் சுண்டும் வரை கொதிக்க விடுவேன். முதலில் ஹார்லிக்ஸ் வாசனை. அப்புறம் குமிழிகள் பெரிதாகிச் சோம்பேறித்தனமாக வெடிக்கும். அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். கை தானாகவே அந்தக் கிண்ணத்தைத் தேடும். கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாசனை வரும் பாருங்கள், கருப்பட்டியும் வறுத்த ரொட்டி ஓரமும் சேர்ந்த மாதிரி. கோப்பையில் தேட வேண்டியது அதைத்தான். அதன் பின்னால் பேரீச்சை, உலர்ந்த திராட்சை லேசாக வரலாம். பழம் முன்னால் வந்து நின்றால், ஈஸ்ட்டைத் தேவைக்கு மேல் வெப்பத்தில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இந்த வகையைக் குளிராகவும் மெதுவாகவும் நொதிக்க விடுவதுதான் வழக்கம்.

நான் வசமாக மாட்டிக்கொண்டதும் இந்த இனிப்பில்தான். நடுவராக உட்கார்ந்த இரண்டாவது போட்டி. ஒரு பாட்டில் வந்தது, முகர்ந்ததும் பால்கோவாக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. 39 போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நடுவர் வேலையில் பல வருட அனுபவம். அவர் தாளில் 27. இரண்டு நடுவர்களுக்கு இடையே ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும். அவர் வாதாடவே இல்லை.

“இன்னொரு வாய் குடி. விழுங்கிவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்” என்றார்.

தேய்த்தேன். வழுக்கியது. வெண்ணெய் தடவிய மாதிரி ஒரு படலம், பின்னாலேயே சினிமா தியேட்டர் பாப்கார்ன். டையசெட்டில் என்ற பொருளின் வேலை. நொதிக்கும்போது ஈஸ்ட்டின் வேலையால் உண்டாவது, பொறுத்திருந்தால் ஈஸ்ட்டே திரும்பத் தின்று தீர்த்துவிடும். பொறுக்காமல் சீக்கிரம் குளிர்வித்து ஈஸ்ட்டைத் தூங்கவைத்தால் அப்படியே தங்கிவிடும். பாகு என்று நான் கொண்டாடியது அவசரத்தில் நின்றுபோன நொதிப்பு. 30க்கு இறங்கினேன், அவர் ஒன்று ஏறி 28 போட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரே சோதனை. விழுங்கியபின் பத்து வரை எண்ணுங்கள். பாகு இனிப்பு நான்கு, ஐந்தில் ஒடுங்கி, வறுத்த வாசனையும் கொஞ்சம் கசப்பும் மட்டும் நிற்கும், அடுத்த வாய்க்கு எச்சில் ஊறும். வெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்காக அண்ணத்திலேயே உட்கார்ந்திருக்கும். வழுக்காமலே இனிப்பு மட்டும் பத்தைத் தாண்டித் திகட்டினால் நொதிப்பு பாதியில் நின்றிருக்கலாம், இல்லையென்றால் கசப்பு போதவில்லை. இனிப்பு எவ்வளவு என்பதைவிட எப்போது விடைபெறுகிறது என்பதற்குத்தான் நான் சுவையில் மதிப்பெண் போடுகிறேன்.

ஆல்கஹாலையும் அப்படித்தான் பார்ப்பேன். நெஞ்சில் இதமான சூடு, சரி. மூக்கில் நெயில் பாலிஷ் ரிமூவர், இல்லை. பழைய பாட்டிலில் ஷெர்ரி ஒயின் சாயல் வந்தால் எனக்குப் பிடிக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் ஆக்ஸிஜன் உள்ளே புகுந்துவிட்டது, அதற்கு இரக்கம் வேண்டாம்.

புகை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஸ்காட்லாந்து என்றதும் விஸ்கி ஞாபகம் வந்து, பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகையில் காட்டிய மால்ட்டைப் போட்டு, டிஞ்சர் வாசனையோடு பாட்டிலை அனுப்புகிறார்கள். இந்த ஏலுக்கு அது மரபே இல்லை. வறுத்த தானியத்திலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் மண் வாசனை போல ஒரு நிழல் விழலாம், அவ்வளவுதான். பீட் புகை தூக்கலாக இருந்தால், பீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வகையில் 30ஐத் தாண்ட விடமாட்டேன்.

தாளில் எழுதும்போது ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள், காய்ச்சியவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அன்றைக்கு அந்த வெண்ணெய் பாட்டிலுக்கு நான் கடைசியில் எழுதியது: “கருப்பட்டி வாசனை அருமை. விழுங்கியபின் அண்ணத்தில் வெண்ணெய் வழுக்கல். நொதிப்பின் முடிவில் நாலைந்து நாள் 18 டிகிரியில் விட்டுப் பாருங்கள். பாட்டிலில் அடைக்குமுன் கொஞ்சம் எடுத்து மூடி, வெந்நீரில் 60 டிகிரிக்கு அரைமணி சூடாக்கி, ஆறவைத்து முகருங்கள். வெண்ணெய் அடித்தால் இன்னும் காத்திருங்கள்.” கருப்பட்டிக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதினேன் என்பது மறந்துவிட்டது, ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒரே மேசையில் ஐந்தாறு பாட்டிலுக்கு மேல் வேண்டாம், எட்டு சதவீதத்தில் நாக்கு சீக்கிரம் மழுங்கும். நடுவே தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். வண்டி எடுக்கவே கூடாது. 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவருக்கான மது வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்.

வீட்டில் உங்கள் சொந்த பீரைச் சுவைக்கிறீர்கள் என்றால் கடைசி மடக்கைக் குடித்தபின் கோப்பையைக் கழுவாமல் அப்படியே மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் காய்ந்த கோப்பைக்குள் மூக்கை விட்டு முகர்ந்து, என்ன வாசனை என்று பாட்டில் எண்ணுக்கு நேரே எழுதி வையுங்கள். என் நோட்டில் போன மாதக் கடைசி வரி: ‘ஆறாம் எண், கருப்பட்டி, கொஞ்சம் தேங்காய் ஓடு, வெண்ணெய் இல்லை.’