காட்டில் ஓர் இரவு: பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டியவை

நண்பர்களோடு காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, "அன்னைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறையுது?" என்றுதான். என்ன எடுத்துப் போவது, என்ன சமைப்பது எல்லாம் அதற்கப்புறம். மரங்கள் அடர்ந்த இடத்தில் வெளிச்சம் சூரியன் மறைவதற்கு முன்பே குறைந்துவிடும். அதனால் மறையும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் தங்குமிடத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நடக்கும் நேரத்தையும் பயண நேரத்தையும் கழித்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் கிடைத்துவிடும். எப்போதும் தாமதமாக வரும் நண்பருக்காக இன்னொரு மணி நேரம் கழியுங்கள். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர்.

கிளம்புவதற்கு முன் அந்தக் காட்டை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி வாங்குங்கள். நெருப்பு மூட்டலாமா என்பதை அப்போதே தனியாகக் கேளுங்கள். தங்க விடும் இடங்களில்கூட வறண்ட மாதங்களில் நெருப்புக்குத் தடை இருக்கலாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பொருள்களைப் பொறுத்தவரை நண்பர்கள் கூட்டத்துக்கென்றே ஒரு வியாதி உண்டு. குழுவில் "யாராவது தீப்பெட்டி எடுத்துட்டு வாங்க" என்று போட்டால் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டுவார்கள், ஒருவரும் கொண்டு வரமாட்டார்கள். ஆனால் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் மட்டும் நாலு வந்து சேரும். பொதுவான பொருள் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயரை எழுதுங்கள்: கூடாரம், அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, மண்வெட்டி. ஹெட்லேம்ப்பும் படுக்கையும் மட்டும் ஆளுக்கொன்று. இதில் பங்கு போடும் பேச்சே கூடாது. பையில் கனமான சாமான் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்கட்டும். இரவல் கூடாரமாக இருந்தால் வீட்டு மாடியிலோ வாசலிலோ ஒருமுறை விரித்துக் கட்டிப் பாருங்கள். கம்பி ஒன்று குறைகிறது என்பதைக் காட்டுக்குள் போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்.

இனி இடம். இதில் நான் பிடிவாதக்காரன். நண்பர்கள் கிண்டலடித்தாலும் விடமாட்டேன். முதலில் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே பட்டுப்போன கிளை தொங்கினால், காற்றே இல்லாவிட்டாலும் அந்த இடம் வேண்டாம். பிறகு கீழே. மணலாக, சமமாக, படுக்கச் சொல்லி அழைப்பதுபோல் இருக்கும் இடம் பெரும்பாலும் வறண்ட ஓடையாக இருக்கும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருந்தாலும், மேட்டில் எங்கோ பெய்த மழை அந்த வழியாகத்தான் இறங்கி வரும். பள்ளத்தின் அடியும் ஆகாது. இரவில் குளிர்ந்த காற்று கனத்து அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் மேடேறினாலே வித்தியாசம் தெரியும்.

இடம் பிடித்துவிட்டதா? கூடாரத்தைப் பிரிக்காதீர்கள். தரைவிரிப்பை மட்டும் போட்டு அதன்மேல் மல்லாந்து படுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த தரையில் இடுப்புக்கு நேரே ஒரு வேர் முட்டும், தோளுக்கடியில் ஒரு கல். தலைப்பக்கம் சரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முகத்தில் ரத்தம் ஏறுவது தெரியும். அப்படியானால் திரும்பிப் படுத்துப் பாருங்கள், தலை மேட்டுப் பக்கம் வரட்டும். கல்லைப் பொறுக்கலாம், வேரை ஒன்றும் செய்ய முடியாது. ஓரடி தள்ளிப் போடுங்கள்.

தரைவிரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரை ஏந்தி நேராக உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். ஓரங்களை உள்பக்கமாக மடித்துவிடுங்கள். முளையை நட்டக்குத்தலாக அடிக்காமல், தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்தபடி அடித்தால் கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வராது. கயிறுகளில் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். நள்ளிரவில் எழுந்து போகிறவரின் முழங்கால் தப்பும்.

குளிருக்குப் போர்வையை அடுக்குகிறவர்கள் கீழே போட மறந்துவிடுகிறார்கள். உடம்புச் சூட்டை மண் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; உடல் எடையில் நசுங்கிய ஸ்லீப்பிங் பேக் அதைத் தடுக்காது. அதனால் அடியில் பாய்போல் விரிக்கும் ஃபோம் மேட் கட்டாயம். குளிருகிறதே என்று காற்றுத் திறப்புகளை எல்லாம் அடைத்தால், மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து விடிகாலையில் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று பழி சொல்வது அப்புறம்.

ஒருவர் கூடாரத்தைப் பிடிக்க, இன்னொருவர் முளையடிக்க, மற்ற இருவர் தண்ணீருக்கும் அடுப்புக்கும் போகட்டும். வேலை முடியும்வரை யாரும் நாற்காலியை விரிக்கக் கூடாது. ஒருவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம். சமையலை ஒரே பாத்திரத்தில் வேகிறதாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வெளியே மழை கொட்டினாலும் அடுப்பையோ தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். படுக்கப் போகுமுன் நெருப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது. உணவையும் குப்பையையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். வாசனை பிடித்து எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். அதற்காகவே ஒரு போனையாவது ஏரோபிளேன் மோடில் போட்டுச் சார்ஜைக் காப்பாற்றி வையுங்கள். சிக்னல் தேடித் தேடியே காட்டில் பேட்டரி தீர்ந்துபோகும்.

பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்று மிச்சமிருக்கிறது. மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, முடிந்ததும் மூடிவிடுங்கள். பட்டியலில் மண்வெட்டி இருந்தது இதற்குத்தான். அது எங்கே இருக்கிறது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கூடாரம் பனியில் நனைந்துதான் இருக்கும். வண்டியில் ஏறுமுன் அதை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று பேசி முடியுங்கள். எடுத்துப் போகிறவர் அன்றே விரித்து உலர்த்த வேண்டும். சுருட்டிய பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்து, எத்தனை அலசினாலும் போகாத நாற்றம் ஏறிவிடும். தாமதமாக வந்த நண்பரிடமே கொடுத்துவிடலாம் என்பது எங்கள் வழக்கம்.