மயோசைட்டிஸ் ஆக்களுக்கு ரிலாக்சன்ட் (தசையைத் தளர்த்துற மருந்து) குடுக்கேக்க

வன்னிக்கு புதுசா மயக்க மருந்து வேலைக்கு வாற தம்பி தங்கச்சியளுக்குத்தான் இதை எழுதுறன். பொலிமயோசைட்டிஸ், டேர்மட்டோமயோசைட்டிஸ் எண்ட தசை அழற்சி வருத்தம் உள்ள ஆக்கள் அடிக்கடி வராயினம், ஆனா வந்தா ரெடியா இருக்கவேணும்.

முதல் வார்ட்டுக்கு போய் கதையுங்கோ. ஒரு அம்மா எனக்கு சொன்னவ, "தலை இழுக்க கை மேல போகுதில்லை தம்பி, கிணத்தில தண்ணி அள்ளியும் கனநாள்" எண்டு. தலையணையில இருந்து தலையைத் தூக்கச் சொன்னன், ரெண்டு செக்கன்ட் கூட நிக்கேல்ல. எனக்கு சீகே (தசை பழுதைக் காட்டுற ரத்தச் சோதனை) ரிப்போட்டை விட அதுதான் பெரிய விஷயம். விழுங்கேக்க புரைக்குதோ, படுத்தா மூச்சு முட்டுதோ எண்டும் கேளுங்கோ, பொட்டாசியம், ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே பாருங்கோ. கிளினிக் கொப்பியில பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் நாளுக்கு 5 மில்லிகிராமோ கூடவோ ஒரு மாசமா போகுதெண்டா மயக்கம் தொடங்கேக்கையே ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் குடுங்கோ. அவசரமில்லாட்டி ஐசியூ கட்டில் இருக்கிற இடத்துக்கு முதலே கதைச்சு அனுப்புங்கோ, இரவில ஏ9 றோட்டால டியூபோட கொண்டு ஓடுறதை விட அது எவ்வளவோ மேல். ஊசியால மரக்கப்பண்ணி செய்யேலுமெண்டா அதைத்தான் முதல் யோசியுங்கோ.

சக்ஸமெதோனியம் எண்ட ரிலாக்சன்ட்டை தட்டிலயே வைக்காதேங்கோ. சாதாரண ஆளுக்கே பொட்டாசியம் லீட்டருக்கு 0.5 மில்லிமோல் அளவில ஏறும், பழுதான தசையில எவ்வளவு ஏறுமெண்டு ஆராலும் சொல்லேலாது, இதயம் நிண்டா பிறகு என்ன செய்யிறது. புரையேறுற ஆளுக்கு கெதியா டியூப் போடவேணுமெண்டா ரொக்குரோனியம் எண்ட மற்ற ரிலாக்சன்ட் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், ஆனா அதைத் திருப்புற சுகமடெக்ஸ் கைக்கெட்டின தூரத்தில இருக்கவேணும். மற்ற நேரம் வழமையான 0.6 ஐ ஒரேயடியா தள்ளாம பாதியில தொடங்கி, பொறுத்துப் பாத்து கூட்டுங்கோ, ஏனெண்டா இந்த ஆக்களில மருந்து சிலவேளை கனநேரம் நிக்கும். அட்ராக்கூரியமும் நல்லம், ஆனா அதை சுகமடெக்ஸ் திருப்பாது, இதை மறந்திடாதேங்கோ.

நேர்வுத்தூண்டி மிசினை (நரம்பை நாலு தரம் தூண்டி தசை துடிக்கிறதைப் பாக்கிறது) ஆள் நித்திரையான பிறகு, ரிலாக்சன்ட் குடுக்க முதலே கையில ஒட்டி ஒருக்கா பாருங்கோ, ஏற்கெனவே பலவீனமான தசை எப்பிடித் துடிக்குதெண்டு தெரியாட்டி பிறகு எதோட ஒப்பிடுறது? முடிவில நாலில ரெண்டு துடிப்பு வந்திருந்தா சுகமடெக்ஸ் கிலோவுக்கு 2 மில்லிகிராம், இன்னும் ஆழமா இருந்தா 4. திருப்புறதுக்கு நியோஸ்டிக்மின் மட்டும்தான் இருக்கெண்டா நாலு துடிப்பும் வரும்வரைக்கும் பொறுமையா இருங்கோ, அவசரப்படுத்துற சேர்ஜனுக்கும் இதை மரியாதையா சொல்லுங்கோ. நாலாவது துடிப்பு முதலாவதின்ர 0.9 பங்குக்கு வராம டியூப் எடுக்காதேங்கோ. விரலால தொட்டுப் பாத்து "சரி" எண்டுறது காணாது, 0.4 தாண்டினாலே கைக்கு வித்தியாசம் தெரியாது.

எடுத்த பிறகும் தலைமாட்டை உயத்தி கிட்ட நிண்டு பாருங்கோ. இருமச் சொல்லுங்கோ. அந்த அம்மா மெல்லமா ஒருக்கா இருமிப்போட்டு தண்ணி கேட்டவ, விழுங்குறதை நல்லாப் பாத்த பிறகுதான் ஒரு கரண்டி குடுத்தம்.